மணல் தட்டில் ஒரு கச்சான் தோட்டம்

நான் உளவளத்துணை ஆசிரியையாக இருந்த காலத்தில் பாடசாலைகளிலிருந்து வந்த அழைப்புகள் எல்லாமே அவசரம்தான். சில உண்மையிலேயே அவசரமாகவும் இருந்தன. விசுவமடுப் பக்கம் தரம் மூன்றில் படித்த நிலாயினியின் விசயம் அப்படியொன்று. வீட்டில் ஓயாமல் கதைக்கும் பிள்ளை, பாடசாலைக்குள் வந்தால் வாய் திறப்பதில்லை. முதலாம் தரத்திலிருந்தே இப்படித்தான். இந்தத் தவணைக்குள் பேசாவிட்டால் வவுனியாவில் உள்ள விசேட கல்வி அலகுக்கு மாற்றுவதென்று பாடசாலை அதிபர் முடிவெடுத்திருந்தார். தினமும் போய்வர முடியாத தூரம். விடுதியில்தான் விட வேண்டும். தாய்க்கு அவள் ஒரே பிள்ளை. அந்த மனுசி என்னைக் கண்டால் அழத் தொடங்கிவிடுவா.

வகுப்பில் பேசாத பிள்ளைகளுக்கு எப்படி உதவலாம் என்று ஆராயப் பல்கலைக்கழகக் குழு ஒன்று அப்போது வந்திருந்தது. அவர்களிடம் மணல் தட்டு இருந்தது. அதாவது ஒரு பெட்டி மணலும் ஒரு பை பொம்மைகளும். பிள்ளை விரும்பியபடி விளையாடும், பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதில் இரண்டாவது பகுதிதான் கஷ்டம்.

நிலாயினி பொம்மை மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்து மணலில் புதைத்தாள். பிறகு தன் போத்தலில் இருந்த தண்ணீரை மேலே தெளித்தாள். குழுவில் வந்திருந்த இளம் ஆய்வாளருக்கு முகம் வெளிறிவிட்டது. பெற்றோர் யுத்தத்தில் கண்ட சாவுகள் பின்னால் பிறந்த பிள்ளைகளையும் எப்படிப் பாதிக்கும் என்று எனக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினார். இங்கே அப்படி நடப்பதுண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் இவள் முகத்தில் துக்கம் இல்லை, வேலைக்காரரின் அலுப்புத்தான் இருந்தது. புதைத்ததும்கூட நேர் வரிசையில்.

அந்த ஊரில் பாதிப்பேர் கச்சான், அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. விதியை மீறி நானும் இரண்டு பொம்மைகளை எடுத்து, அவளுடைய வரிசையின் முடிவில் எனக்குத் தெரிந்தபடி நட்டேன். அவள் என் கையையே பார்த்தாள். தாங்க முடியவில்லை போலும்.

"ரீச்சர், இவ்வளவு கிட்டக் கிட்டப் போடாதேங்கோ. கொடிதான் வரும், காய் பிடிக்காது."

ஆய்வாளர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"அப்ப எவ்வளவு தள்ளிப் போடோணும்?" என்றேன்.

அவள் என் பொம்மைகளைப் பிடுங்கி, கையால் அளந்து திரும்ப நட்டாள். பிறகு மயில் வந்து கிளறுவதைப் பற்றியும், தகப்பன் காவலுக்குப் போய் நித்திரை கொள்வதைப் பற்றியும் நீளமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாதென்று விதியில் இருக்கவில்லை.

மூன்று வருடமாக நாங்கள் எல்லோரும் அவளிடம் கேள்விதான் கேட்டிருக்கிறோம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேசாத பிள்ளை கெட்டிக்காரத்தனமாகச் செய்யும் வேலை ஒன்றைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்து அதைப் பிழையாகச் செய்யுங்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. எனக்கு உண்மையிலேயே கச்சான் நடத் தெரியாது.

வவுனியாப் பேச்சை அதிபர் பிறகு எடுக்கவில்லை. அடுத்த தவணையில் அவரிடமிருந்து இன்னொரு அவசர அழைப்பு வந்தது.

"மிஸ், இவளை ஒருக்கா வந்து பாருங்கோ. வகுப்பில வாய் மூடுறாள் இல்லை."

நான் போகவில்லை.