அப்பா ஏசாத ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்கு அப்பா கார் ஓட்டப் பழக்கிய நாட்களில், பின் இருக்கையில் இருந்து அதைப் பார்ப்பதுதான் என்னுடைய பெரிய பொழுதுபோக்கு. அக்கா பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தை முழுதாக விழிப்பதற்கு முன்பே, காரின் முன்னும் பின்னும் ‘எல்’ பலகையைக் கட்டிக்கொண்டு கடலோர மரைன் டிரைவுக்கு இறங்கிவிடுவோம்.

அப்பா மிகக் கவனமான சாரதி. ஆனால் பொறுமையான வாத்தியார் அல்ல. தான் வேலைசெய்யும் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் எல்லோருடனும் தணிந்து கதைக்கும் மனிதர், காரின் இடப்பக்கத்தில் ஏறியதும் வேறொருவராகிவிடுவார். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் ஏச்சு. முன்னால் நிற்கிற வாகனத்தின் சில்லு ரோட்டைத் தொடுகிற இடம் மறைகிற அளவுக்கு நெருங்கினால் ஏச்சு. ரோட்டைக் கடக்கும் மஞ்சள் கடவையில் ஒருவர் காலை வைக்கலாமா என்று யோசித்தாலே கார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அதற்கு இன்னும் பெரிய ஏச்சு. தன் பக்கத்தில் பிரேக் இல்லை என்பதை அவருடைய வலது கால் கடைசிவரை நம்பவில்லை. வழி முழுவதும் அது தரையை உதைத்துக்கொண்டே வரும். அக்கா உதட்டைக் கடித்தபடி ஓட்டுவாள். சில நாட்களில் வீட்டுக்கு வந்து அறைக்குள் போய் அழுவாள். ஆனால் அடுத்த ஞாயிறு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் முதலில் நிற்பவளும் அவள்தான்.

அன்றைக்கு அம்மா கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் இருந்தார். நாங்கள் மரைன் டிரைவில் ஒரு தரம் போய்த் திரும்பியிருந்தோம். கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று போனது. அப்பா ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். பிறகு சொன்னார்: “பிள்ளை, இண்டைக்குக் காலி ரோட்டுக்கு ஏறிப் பாப்பம். தெஹிவளையால களுபோவில வரைக்கும் போவம்.”

அக்கா திகைத்துப்போனாள். பஸ்கள் நெருக்கும் காலி வீதியில் ஓட அவளுக்கு இன்னும் மாதக்கணக்காகும் என்று முந்திய வாரம்தான் அவர் சொல்லியிருந்தார்.

குறுகிய ஒழுங்கையின் ஏற்றத்தில் காலி வீதிக்கு ஏறும் இடத்தில் இஞ்சின் நின்றுபோனது. பின்னால் ஒரு ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஹோர்னுக்கு அல்ல, அப்பாவுக்கு. ஆனால் அவர் ஏசவில்லை.

“பரவாயில்லை. ஆறுதலா ஸ்டார்ட் பண்ணு. அவர் பொறுப்பார்.”

நான் கையை எடுத்துவிட்டு அப்பாவின் பிடரியைப் பார்த்தேன். அது அப்பாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அக்கா இருபக்கமும் பார்த்து, காத்திருந்து, வலப்பக்கம் திருப்பிக் காலி வீதியில் சேர்ந்தாள். அப்பா “நல்லாச் செய்தாய்” என்றார். அப்படி ஒரு வார்த்தையை அந்தக் காருக்குள் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஒரு பஸ் உரசுவதுபோல வந்து குறுக்கே வெட்டியது. “விடு, அவன் போகட்டும். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை” என்றார். அவருடைய கை நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டைப் பிடித்திருந்தது. அது இறுக்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

தெஹிவளையில் பாண் வாங்கிக்கொண்டு வந்த ஒரு வயதானவர் மஞ்சள் கடவையில் இறங்கினார். அக்கா காரை முழுதாக நிறுத்தினாள். அவர் நடுவழியில் நின்று பையைக் கை மாற்றினார். அவர் மற்றப் பக்கம் ஏறும்வரை அக்கா அசையவில்லை. அப்பா கண்ணை மூடித் திறந்து, “இப்ப போ” என்றார். அக்காவின் கழுத்து வியர்த்திருந்தது. ஆனால் கைகள் ஸ்டியரிங்கில் ஆடாமல் இருந்தன. அவ்வளவு சனத்துக்கும் வாகனத்துக்கும் நடுவே அவள் காரைக் கொண்டுபோன விதத்தை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவேண்டிய இடங்களில் மட்டும், “அடுத்து எங்க அப்பா?” என்று கேட்டாள்.

களுபோவில ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அப்பா உள்ளே திருப்பச் சொன்னார். காவலாளி கையைக் காட்டி, அங்கே நிறுத்தக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

“நிப்பாட்டு. ஹாண்ட் பிரேக்கைப் போடு. இஞ்சினை ஓஃப் பண்ணு.” எல்லாம் ஒழுங்காக முடியும்வரை பொறுத்திருந்தார். “எனக்கு நெஞ்சு நோகுது பிள்ளை. அந்த மனுசனைக் கூப்பிடு. சின்னவளின்ர கையை விட்டிடாத.”

அக்கா இறங்கிக் காவலாளியிடம் சிங்களத்தில் சொன்னாள். கத்தவில்லை. தள்ளுவண்டி வந்தது, அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

அவர் பிழைத்தார். முதலில் வாய்வு என்றுதான் நினைத்தாராம். மரைன் டிரைவில் அந்த ரயில் போனபோதுதான் இது வேறு என்று தெரிந்ததாம். இடம் மாறித் தானே ஓட்டி வழியில் மயங்கினால், இரண்டு பிள்ளைகளும் காருக்குள் இருக்கிறார்களே என்று பயந்தாராம். சொன்னால் அக்காவின் கை நடுங்கும் என்பதால் சொல்லவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அம்மா இன்றைக்கும் ஏசுவார். அது நியாயமான ஏச்சு என்று அப்பாவும் ஒத்துக்கொள்வார்.

பல வருடங்களுக்குப் பிறகு, அன்றைக்கு உனக்கு ஒன்றும் தெரியாதா என்று அக்காவிடம் கேட்டேன்.

“அப்பா என்னைப் புகழ்ந்தவுடனயே விளங்கிட்டுது. காலும் உதைக்கேல்ல. நான் பயந்திட்டன் எண்டு தெரிஞ்சிருந்தா, தானே ஓட்ட வெளிக்கிட்டிருப்பார்.”

அன்று ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் என் கையை நோகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் வியப்பும் கொஞ்சம் பொறாமையும். “இண்டைக்கு முழுக்க அப்பா உன்னை மட்டும்தான் பாராட்டினவர்” என்றேன். அக்கா என்னைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினாள். பிறகு குனிந்து, தோள் குலுங்க அழத் தொடங்கினாள். இவ்வளவு நல்ல பெயர் எடுத்தவள் எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.