எல்லோரும் சேர்ந்து கீறிய தலையாட்டி

செயலமர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளேன்டீ, மீன் பணிஸ், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. இதற்காகவா வெள்ளவத்தை மனித உரிமைக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன்? மெற்றில்டா நடத்துவது மட்டும் வேறு. கொட்டாஞ்சேனைக்காரி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள். பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்த பெண்களைக் கூட்டி, சுவர் நிறைய வெள்ளைத் தாள் ஒட்டி, அவர்கள் சொல்லச் சொல்லக் கீறுவாள். "பிழையெண்டால் பேனையைப் பறிச்சுத் திருத்துங்கோ. கோவிக்க மாட்டன்" என்பாள். வாயே திறக்காதவர்கள்கூடப் படம் பிழைத்தால் எழும்பி வந்துவிடுவார்கள்.

அவளுடைய தம்பி நோபேட் என்பவனையும் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பிடித்துப் போய் நாலு மாதமாகியிருந்தது. பொலிஸ், சவச்சாலை என்று அலைந்து களைத்து, செத்துப்போனான் என்றே நினைத்திருந்தாள்.

தொண்ணூற்றேழில் ஒரு சனிக்கிழமை, மாதா கோயில் மண்டபம். தங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றிவளைத்த அன்று ஜீப்பில் இருந்த தலையாட்டியைக் கீறச் சொன்னார்கள். முகத்தை மூடிக் கறுப்புத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டினானோ அவனைத் துவக்குப் பிடியால் அடித்து ஏற்றினார்கள். தலையாட்டியை முழுசாகக் கண்டவர் யாருமில்லை; ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தார்கள்.

"கழுத்து இடப்பக்கமா சாஞ்சே இருந்துச்சுங்க" என்றாள் புருஷனைப் பறிகொடுத்த இராமலெட்சுமி.

மெற்றில்டா சாய்த்துக் கீறினாள்.

"ஜீப் கம்பியைப் பிடிச்சிருந்தவன். சின்னவிரல் வெளியால வளைஞ்சு கிடந்தது" என்றார் சரோஜினிதேவி. அவருடைய ஒரே மகனைப் பார்த்தும் அந்தத் தலை ஆடியிருந்தது.

மெற்றில்டாவின் கை நின்றது. பிறகு ஐந்து விரலையும் நேராகவே கீறி, நகங்களும் வைத்தாள்.

"பிழை!" சரோஜினிதேவி பேனையைப் பறித்துச் சின்னவிரலை வளைத்தார்.

மெற்றில்டா அந்த விரலையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நோபேட்... உயிரோட இருக்கிறான்!"

"ஆரடி அவன் உனக்கு?" என்றார் சரோஜினிதேவி.

"என்ர தம்பி. அவன்ர சின்னவிரலும் இப்பிடித்தான்."

முதல் அறை அந்தச் சிரிப்பின் மேலேயே விழுந்தது. "என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன் இருக்கிறானெண்டு சிரிக்கிறியோ?" மயிரைப் பிடித்துத் தலையைப் படத்தோடு மோதினார், திரும்பத் திரும்ப. இராமலெட்சுமியும் பாய்ந்து முதுகில் குத்தினாள். விலக்கப் போன எனக்கு உதடு கிழிந்ததுதான் மிச்சம். மெற்றில்டா கை தூக்கவில்லை. "அடியுங்கோ அம்மா, அடியுங்கோ" என்றாள். மூக்கு இரத்தம் தாளில் வழிந்தது.

கை ஓய்ந்தபோது சரோஜினிதேவி மூச்சு வாங்கியபடி படத்தைப் பார்த்தார். விழுந்து கிடந்த பேனையை எடுத்தார்.

"இன்னொண்டும் கண்டனான். சொல்ல மனம் வரேல்ல."

மெற்றில்டா வைத்த நகங்களை ஒவ்வொன்றாகக் கறுப்படித்தார்.

"ஒண்டும் இருக்கேல்ல. எல்லாத்தையும் பிடுங்கியிருந்தாங்கள்."

மெற்றில்டா சுவரோடு சரிந்து அலறினாள். சரோஜினிதேவி தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர பிள்ளையும் இப்ப அவங்களிட்டத்தான்" என்றார்.