பத்திரிகையோடு சொன்ன சேதி

செவ்வாய்ப்பேட்டையில் என் மளிகைக் கடையில் வியாபாரம் மும்முரமாக இருந்த நேரம். கைபேசியை எடுத்ததும் தொண்டைச் செருமல்தான் முதலில் கேட்டது. பேசுவது அக்கா மகள் சுகன்யா என்று அதிலேயே தெரிந்துவிடும். "மாமா, அப்பா போயிட்டாருங்க மாமா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றாள். கல்லாவை யாரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன் என்பதுகூட நினைவில்லை.

திருச்செங்கோட்டில் லாரித் தொழில் செய்த என் அக்கா கணவர் செங்கோட்டுவேல் மாமாவைப் பலருக்கும் தெரியும். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. ஆனால் நான் பார்த்தவரை அவர் முதலில் சுகன்யாவின் தகப்பன். அவரைத் தெரியாதவர்களும் அதை அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

சுகன்யா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது கண்ணைப் படபடவென்று கொட்ட ஆரம்பித்தாள். கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பிறகு கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது, தொண்டையில் ஒரு சத்தமும் வந்தது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அக்காவோ, "பண்ணாத சாமி, பண்ணாத" என்று நாள் முழுக்கக் கெஞ்சுவார். மாமா தொழில்காரர் அல்லவா, பேரம் பேசினார். ஒரு விருந்தில் சத்தம் போடாமல் இருந்தால் சைக்கிள் என்றார். குழந்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. கழுத்து நிற்காமல் வெட்ட, "நானாப் பண்ணலீங்கப்பா, அதுவா வருது" என்று அழுதாள். மாமாவும் அழுதார். சைக்கிள் மறுநாளே வீடு வந்தது, எந்த நிபந்தனையும் இல்லாமல்.

அதன் பிறகுதான் எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார்கள். இதற்கு 'டிக்' என்று பெயர், குழந்தை வேண்டுமென்றே செய்வதில்லை, சுட்டிக்காட்டினால் பதற்றத்தில் இன்னும் கூடும் என்று அவர் விளக்கினார். திரும்பும் வழியில் மாமா அக்காவிடம், "லோடு லாரி மேடு ஏறுனா சத்தம் வரத்தான் செய்யும். லாரியவா திட்டறோம்? இனி நம்ம ஊட்டுல 'பண்ணாத'ங்கற பேச்சே வரக்கூடாது" என்றார்.

வரவில்லை. அவள் பேசும்போது நடுவில் சத்தம் வந்தால், அவர் சத்தத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் கேட்பார். மருத்துவர் தந்த பயிற்சிகளை அவளோடு உட்கார்ந்து தானும் செய்வார். பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன், "டீச்சர்கிட்டச் சொல்லட்டுமா சாமி?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். அடக்க முடியாதபோது வகுப்பை விட்டு வெளியே போய்வர ஆசிரியை அனுமதி தந்தார்.

பெரிய சோதனை, மகன் கார்த்தியின் கல்யாணத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுக்கு முன் இணைச்சீர் உண்டு. மணமேடையில் மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். மாமாவின் பெரியப்பா மகன் தயங்கித் தயங்கி, "வீடியோ எடுக்கறாங்க தம்பி. எம் பொண்ண நிறுத்திக்கலாமே" என்றார். மாமா சுகன்யாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நிக்கறேனுங்கப்பா. ஆனா சத்தம் வருமே" என்றாள்.

"வரட்டும் கண்ணு. நாதஸ்வரக்காரரு மட்டுந்தான் சத்தம் போடோணுமா?"

சொன்னதோடு விடவில்லை. அவளைக் கேட்டுக்கொண்டு, பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் தாம்பாளத்தை நீட்டும்போதே சொன்னார்: "எம் பொண்ணு இணைச்சீருக்கு நிக்குதுங்க. கழுத்து வெட்டும், சத்தம் வரும். நீங்க திரும்பிப் பாக்காம இருந்தாப் போதும். அதுதானுங்க எனக்கு மொய்." கூடவே போன நான் தாம்பாளத்தில் அடுத்த வீட்டுப் பத்திரிகையை எடுத்து வைத்தேன்.

கல்யாணத்தன்று சத்தம் வந்தது. சில தலைகள் திரும்பின. மாமா பார்த்த பார்வையில் உடனே நேராகவும் ஆயின. சுகன்யா அண்ணன் பக்கத்தில் கடைசிவரை நின்றாள்.

நேற்று மாமாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. தலைமாட்டில் சுகன்யா. துக்கத்தில் கழுத்து விடாமல் வெட்டியது. ஒப்பாரி ஓய்ந்த இடைவெளியில் அந்தச் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. அன்று வீடியோவுக்குத் தயங்கிய பெரியவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

மாமா, உங்கள் பெண் அடக்கிக்கொள்ளாமல் அழுதாள். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.