இடது காலும் சிவப்புக் காரும்

“இந்த லண்டன் ட்ராபிக்குக்கு ஓட்டோமெட்டிக் எடுங்கோவன்” என்றாள் மனைவி. 2009 கோடை, ஹவுன்ஸ்லோவில் ஒரு கார்க்கடை. ஐம்பது வயதில் புதுமாப்பிள்ளை மாதிரிச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போனவன் நான்தான். சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், சில மாதங்களாக என் இடது கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. அதை அவளுக்குச் சொல்லப் பயம்; இடது காலுக்கு வேலையில்லாத ஓட்டோமெட்டிக்குக்கு ஓமென்றால் சந்தேகப்படுவாளென்று, கிளட்ச் மிதிக்கிற மனுவல்தான் வேண்டுமென்று அடம்பிடித்தேன்.

ஏறியிருந்து கியரை அசைத்தேன். ‘கடக்’ என்றது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பழைய காரிலும் இதே சத்தம். பெற்றோல் மணம், தொடையைச் சுடும் சீட். கியர் மாற்றுமுன் அப்பா இடது முழங்காலைக் கையால் தூக்கிப் பாதத்தைக் கிளட்சில் வைப்பார்.

“ஏனப்பா?”

“கால் நித்திரை கொள்ளுது மோனை, எழுப்பிறன்.”

நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரிப்போம். அடுத்த வருடம், சீனி வருத்தம் முற்றி, அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள்.

“என்னப்பா செய்யிறியள்?” மனைவியின் குரல். குனிந்து பார்த்தேன். என் கை முழங்காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

“கால் நித்திரை கொள்ளுது, எழுப்பிறன்.”

என் எல்லாப் பகிடிக்கும் சிரிப்பவள் சிரிக்கவில்லை. எட்டி என் கணுக்காலைக் கிள்ளினாள். கிள்ளியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.