மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் என்ன தேதி, என்ன கிழமை, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டே அவர்களை எரிச்சல்படுத்துகிற ஆள் நான். அப்படிப்பட்ட கதைகளை நிறைய வாசித்திருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. இது மட்டும் பட்டப்பகலில், முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த கல்யாண மண்டபத்தில், போன ஐப்பசியில் நடந்தது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்குச் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில். வீடு கொண்டப்பநாயக்கன்பட்டி. நல்ல குரலைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அந்தக் குரலுக்குப் பின்னால் பார்ப்பவர்கள் அழுகிற மாதிரி ஒரு கதை இருக்கிறதா என்று துருவுவது மீதி. அப்படித்தான் எடப்பாடியில் பவித்ரா கிடைத்தாள். பத்தொன்பது வயது. நாலு விசைத்தறி ஓடுகிற கொட்டகையை ஒட்டிய வீடு. அம்மா தனம்தான் தறியைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா செங்கோடன் மாரடைப்பில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவ்வளவு தறிச் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் பிசிறில்லாமல் எழுந்தது.

கேமராவை வைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். "எங்கப்பா இருந்தப்ப தறி ஓடறப்பத்தானுங்க பாடுவேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "சத்தத்துல அவருக்குக் கேக்காதுங்க. கேட்டுச்சுன்னா அடி உழுகும்" என்றாள். இரண்டையும் அப்படியே சென்னைக்கு அனுப்பினேன். அங்கே முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தறிச் சத்தத்தில் மகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த பாசமுள்ள அப்பா என்று ஒருவரை உருவாக்கிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அவரைப் போலவே இருக்கும் ஒருவருக்கு ஒப்பனை போட்டு, அவள் பாடி முடித்ததும் மேடைக்கு அனுப்ப வேண்டுமாம். நீங்களும் இப்படி எத்தனையோ பார்த்திருப்பீர்கள், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், நடுவர்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

ஆளைத் தேடும் பொறுப்பும் என்னுடையதே. செங்கோடனின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்து, சேலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆரோக்கியத்தைப் பிடித்தேன். அதே நெற்றி, அதே தாடை.

"என் மூஞ்சிக்கு டி.வி.யா? எங்க வீட்டுக்காரியே நேரா பாக்க மாட்டா சார்" என்று சிரித்தார்.

ஒப்பனை ஒத்திகைக்குச் செங்கோடனின் சட்டை ஒன்று வேண்டும் என்று, மகளுக்குத் தெரியாமல் தனத்தைச் சேலத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒப்பனை முடிந்து அதைப் போட்டுக்கொண்டு ஆரோக்கியம் அறையிலிருந்து வெளியே வந்ததும் அந்த அம்மா நாற்காலியைக் கீழே தள்ளிக்கொண்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். வராந்தாவுக்கு அழைத்துப்போனேன்.

"சாமி, இது வேண்டாமுங்க. அவரு போனதுக்கப்பறந்தானுங்க எம் புள்ள வாயத் தொறந்தே பாடறா. மறுக்கா கூட்டியாராதீங்க."

"அம்மா, அது ஆரோக்கியம்னு ஒருத்தர். பஸ் ஓட்டறவர்."

"ஆருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா செத்துப்போனவருக்குத் தெரியோணுமல்லங்க? நம்மளக் கூப்புடறாங்கன்னு நெனச்சுட்டாருன்னா?"

எனக்கு அந்தப் பேச்சு அப்போது புரியவில்லை, ஆனால் அவர் சம்மதிக்கப் போவதில்லை என்பது புரிந்தது. நிகழ்ச்சி இயக்குநரிடம் போய் இது நடக்காது என்றேன். கத்தினார். அம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார், பெண்ணும் போட்டியிலிருந்து போய்விடுவாள் என்றதும் அடங்கினார். ஆரோக்கியத்துக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சட்டையை நானே எடப்பாடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தனம் அதை வாங்கி, என் கண் முன்னாலேயே வெந்நீர் அடுப்பில் போட்டுக் கிளறிவிட்டார். பொத்தான் வெடித்த சத்தம்கூடக் கேட்டது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், முதலில் சொன்ன அந்தக் கல்யாண மண்டபத்தில். பவித்ரா மேடையேறினாள், பல்லவி அருமையாக வந்தது. சரணத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தினாள். வாத்தியங்கள் கொஞ்ச தூரம் போய் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். எனக்குத் தெரியாமல் இயக்குநர் அவரைக் கூட்டிவந்துவிட்டார், சட்டைக்கும் அதே மாதிரி துணி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு குனிந்தபடியே அந்த வரிசைக்குப் போனேன்.

"ஆரோக்கியம், உங்களை யார் வரச் சொன்னது?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "எம் புள்ள பாடறாளாமா. கேக்கலாமுன்னு வந்தனுங்க" என்றார். மேடையைப் பார்த்துக்கொண்டே, "இப்பத்தான் நல்லாக் கேக்குது" என்றார்.

ஆரோக்கியம் சேலம் டவுன்காரர். அவர் வாயில் இந்தப் பேச்சு வராது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, இரண்டடி பின்னால் நகர்ந்து கைப்பேசியை எடுத்து ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம், ஆட்கள் சிரிக்கிற சத்தம். "சார், அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். கோயில்லதான் இருக்கேன், அப்புறம் பேசவா?" என்றார்.

இந்த இடத்தில் அந்த உருவம் மறைந்துவிட்டது என்று சொன்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும். மறையவில்லை. ஆரோக்கியத்தின் குரல் என் காதில் கேட்டுக்கொண்டிருக்க, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி அவருடைய முழங்கை படாமலிருக்கப் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டார். இயக்குநர் இடைவேளை சொன்னதும் எல்லோரையும் போல எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போனார். நான் வாசலுக்கு ஓடியபோது பேருந்து நிறுத்தத்தில் ஏகப்பட்ட பேர் நின்றிருந்தார்கள். அவர் இல்லை.

பவித்ரா அதற்குமேல் பாடவில்லை. இயக்குநர் என் முதுகில் தட்டி, "வேண்டாம்னு சொல்லிட்டு ஆளைக் கொண்டுவந்துட்டீங்களே, பலே" என்றார். நான் கூட்டிவரவில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கேமராவில் அந்த முகம் தெளிவாகப் பதிந்திருந்தது, ஒளிபரப்பிலும் வந்தது. ஆரோக்கியமே பார்த்துவிட்டு, "சார், இது நானில்ல, ஆனா என் மூஞ்சிதான்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை.

தனம் தறிகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் எனக்கு ஓர் அழைப்பு. எங்கள் குரல் தேர்வுச் சுவரொட்டிகளில் என் எண்தான் இருக்கும், அதனால் தெரியாதவர்கள் கூப்பிடுவது வழக்கம்.

"ஏனுங்க, பாட்டுப் போட்டிக்கு ஆளெடுக்கறவருங்களா?"

"ஆமாம், சொல்லுங்க."

"எடப்பாடில ஊடு பூட்டிக் கெடக்குதுங்க. எங்க போனாங்கன்னு தெரியுங்களா?"

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் நான் கேட்ட அதே குரல். தெரியாது என்று சொன்னேன்.

"தெரியாதுங்களா. செரி, பரவால்லீங்க. பாடாமயா இருந்துருவா? பாடறப்ப நானே கேட்டு வந்துக்கறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கலாம். அன்று மாலையே தனத்திடம் பேசினேன். புதிய ஊரில் பவித்ராவைக் கல்லூரி ஆண்டு விழாவில் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், பல நாட்களுக்குப் பிறகு அவள் வீட்டில் முணுமுணுத்துப் பழகுகிறாள் என்றும் சந்தோஷமாகச் சொன்னார். இருபது வருடமாகக் குரல் தேடி அலைகிறேன், அதைப் போல ஒரு குரலை இதுவரை கேட்டதில்லை. அவளிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்லி, பாட வேண்டாம் என்று நானே சொன்னேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "எங்கப்பா அங்கயும் கூப்புட்டுக் கேட்டாருங்களா?" என்றாள்.