பதினொரு பட்டு ஸ்கார்ஃபுகளும் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரியும்

1. முதல் நாள் உரை

திருவண்ணாமலையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் ஒரு ஃப்ரேம் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கடைக்குள் நுழைந்த முதல் வாடிக்கையாளரை வரவேற்று ஏழு நிமிடம் உரையாற்றினேன். படத்தைச் சுற்றிப் போடும் சட்டங்களான தேக்கு பீடிங், ஃபைபர் பீடிங், இவ்விரண்டின் ஆயுள், அழகியல் ஆகியவற்றை முன்வைத்து, தொகுப்புரையும் வழங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு ஆணி கெடைக்குமாம்மா?" என்றார்.

கல்லூரிப் பேச்சு மன்றத்தில் என் இடத்தில் இப்போது இருக்கும் தம்பி தங்கைகளே, இக்குறிப்பு உங்களுக்காகத்தான். மூன்று ஆண்டுகளில் நான் வென்ற கேடயங்களை வைக்க வீட்டில் இடமில்லை. ஆனால் கடைக்காரர் என்னை வேலைக்கு எடுத்தது அவற்றுக்காக அன்று. "கஸ்டமர் கிட்ட பேச ஒரு ஆள் வேணும். பேசுவியா?" என்று கேட்டார். என்னிடம் போய் அப்படி ஒரு கேள்வி!

கடையின் பின்கட்டில் விஜயாக்கா இருந்தார். பக்கத்திலுள்ள அடி அண்ணாமலை என்னும் ஊர்க்காரர். பீடிங் அறுப்பது, மூலை சேர்ப்பது, படம் ஒட்டுவது அனைத்தும் அவர் கைதான். என் உரைகள் முடியும்போதெல்லாம் உள்ளிருந்து குரல் வரும்: "இன்னா பாப்பா, கூட்டம் கலைஞ்சுதா?"

2. சகுந்தலா மேடம்

சகுந்தலா மேடம் சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியே இருந்தார். பயணிகளை அழைத்துக்கொண்டு போன ஊர்களிலெல்லாம் ஒரு பட்டு ஸ்கார்ஃப் வாங்குவது அவர் வழக்கம். அவற்றில் பத்தையும், அவற்றின் மேல் தனியாக வெள்ளைத் தாளில் சுற்றிய ஒன்றையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாத்தையும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டணும்மா. இது மட்டும் என் பொண்ணு நித்யா கையால வரைஞ்சது."

பிரித்துக் காட்டினார். பாதி நீலம், பாதி மணல் நிறம். நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

"கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு இந்த டிசைன் படிக்கப் போனா. முதல் முதல்ல பண்ணத எனக்குத்தான் குடுத்தா. நான் அதைக் கையில வாங்கிட்டு, 'இதுக்காகவா வேலைய விட்ட?'ன்னு கேட்டுட்டேன். மூணு வருஷம் ஆச்சு. நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுவா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றா. வந்ததும் அவ கண்ணுல இது படணும்."

கேட்டு முடித்ததும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினேன். பட்டை அட்டையில் ஒட்டலாகாது. பருத்தித் துணி போர்த்திய அட்டையின்மேல் மெல்லிய நூலால் ஓரங்களைத் தைக்க வேண்டும். கண்ணாடி பட்டைத் தொடாதிருக்க இடையே ஸ்பேசர் வைக்க வேண்டும். முந்தைய வாரம்தான் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன் என்பதை என் குரலில் எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. "ஒரு துளிப் பசையும் இப்பட்டின் மீது படாது, மேடம். இது உறுதி!" என்று முடித்தபோது அவர் கைதட்டாததுதான் குறை.

அவர் போனதும் மூட்டையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதுல இன்னா ஸ்பெஷல்?" என்றார் விஜயாக்கா.

பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே நெய்துகொள்ளும் கூட்டிலிருந்து தொடங்கினேன். நடுவில் அவர் அறுக்கும் மெஷினைப் போட்டார். நான் குரலை உயர்த்தினேன். மெஷின் நின்றபோது தாயன்பு குறித்த இறுதிப் பகுதிக்கு வந்திருந்தேன்.

"சரி, வெச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு, மனநிறைவோடு சாப்பிடப் போனேன்.

3. மைதா

திரும்பி வந்தபோது நித்யாவின் ஸ்கார்ஃப் ஹார்டுபோர்டில் சுருக்கமின்றி ஒட்டியிருந்தது. மேலே இருந்ததால் முதலில் அதை எடுத்திருக்கிறார். காலண்டர் படமானாலும் துணிப் படமானாலும் மைதாப் பசை காய்ச்சித் தடவி ஒட்டுவதுதான் எங்கள் கடை வழக்கம். அதை அவர் மிக நேர்த்தியாகச் செய்திருந்தார்.

"அக்கா! தைக்கணும்க்கா இதை!"

"எப்ப சொன்ன?"

வாயைத் திறந்தேன். மேடமிடம் சொல்லியிருந்தேன். விஜயாக்காவிடம் புழுவைப் பற்றியும் தாயைப் பற்றியும் சொல்லியிருந்தேன்.

"அவ்ளோ நேரம் பேசினியே பாப்பா. ஒட்டாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

பசை முழுதும் காயவில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் மைதா விட்டுவிடும். ஆனால் விஜயாக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கையால வரைஞ்ச சாயம். தண்ணில ஓடிச்சின்னா நீயா திருப்பி வரைவ? அந்தம்மாவக் கேப்போம். காயறதுக்குள்ள ஏறு வண்டியில."

செங்கம் சாலையில் விஜயாக்காவின் ஸ்கூட்டரில், இரண்டு கைகளாலும் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து போனேன். சாமி படம் என்று நினைத்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் மனத்துக்குள் உரை தயாரித்தேன். முன்னுரை, சூழ்நிலை விளக்கம், மூன்று காரணங்கள், மன்னிப்பு.

மேடம் கதவைத் திறந்தார். "மேடம், எந்தத் தொழிலிலும் எதிர்பாராத சில சூழல்கள்..." என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார்.

"நித்யாவோடதா?"

"ஆமாங்க. நான்தான் ஒட்டினேன்" என்றார் விஜயாக்கா.

"அக்காவுக்குத் தெரியாதுங்க. நான்தான் சொல்லலை" என்றேன்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது.

4. தொலைபேசி

"தண்ணில போட்டா பசை வந்துரும்மா. சாயம் நிக்குமான்னுதான் தெரியல" என்றார் விஜயாக்கா.

மேடத்துக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். அவளைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்த ரகசியம் அப்போதே உடையும். மேடம் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா? வேலையில இருக்கேன்."

"நித்யா, அந்த ஸ்கார்ஃபத் தண்ணில போடலாமா?"

"எந்த ஸ்கார்ஃப்?"

"நீ வரைஞ்சு குடுத்தது."

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஃப்ரேம் போடக் குடுத்தேன். பசை ஒட்டிக்கிச்சு."

"ஃப்ரேமா? நீயா?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

மறுமுனையில் அமைதி. அந்த அமைதியை நிரப்பத் தகுந்த, மிக அழகிய வாக்கியம் ஒன்று என் நாவின் நுனிக்கு வந்தது. விஜயாக்கா என் காலை அழுத்தி மிதித்தார்.

"சாயத்த ஆவில வெச்சு ஃபிக்ஸ் பண்ணிருக்கேம்மா, ஓடாது" என்றாள் நித்யா. குரல் மாறியிருந்தது. "பச்சைத் தண்ணில போடு. தேய்க்காத. சோப்பு வேணாம்." பிறகு, "எங்க மாட்டப்போற?"

"ஹால்ல. வாசல்ல இருந்து பாத்தா தெரியற மாதிரி."

மேடம் வீட்டு அகன்ற தொட்டியில் ஸ்கார்ஃபை அட்டையோடு அமிழ்த்தி, முக்கால் மணி நேரம் மூவரும் மூலைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீலம் ஓடவில்லை. பட்டு மெல்ல மெல்ல அட்டையை விட்டு மிதந்தது. அந்த நேரம் முழுவதும் அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி.

5. ஞாயிற்றுக்கிழமை

பதினொன்றையும் விஜயாக்காவும் நானும் நான்கு நாட்கள் தைத்தோம். ஞாயிறு காலை சுவரில் மாட்டினோம். நித்யாவுடையதை எப்படி மாட்டுவது என்று மேடம் கேட்டபோது, கீழே நீலக்கடல், மேலே மணல்வெளி, நடுவே அந்திச் செவ்வொளி என்று விளக்கி, அவ்வாறே மாட்டுவித்தேன்.

நித்யா வந்தாள். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தாள். மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றாள் கடைசியில். "தலைகீழா மாட்டியிருக்க. நீலம் மேல வரணும். அது வானம்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவும் மகளும் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த முடியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

அது கடல்தான் என்று நிறுவ மூன்று வாதங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. மூன்றும் வலுவானவை, எந்த நடுவரும் ஏற்பார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.