டைரியில் நான் போட்ட சைபர்கள்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். இந்தக் குரூப்பில் நாம் ஏழு பேர்தான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தெரிந்தால் அவ்வளவுதான்...

போன வருடம் வரை சேலம் பஸ் என்றாலே எனக்கு வறுத்த கடலை வாசனைதான். மலைமேல் எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா மடியில் பொட்டலத்தைப் பிரிப்பாள். மலை இறங்கும்போது டூரிஸ்ட்டுகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். அம்மா வளைவுக்கு ஒரு கடலையாக வாயில் போடுவாள்.

ஒருநாள் முன் சீட்டு அண்ணன் கவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னும் பன்னெண்டு வளைவு கெடக்குதுங்க. இப்பவே எல்லாத்தையும் எறக்கிட்டா சேலத்துல எறக்கறதுக்கு என்னங்க இருக்கும்?"

அந்த அண்ணனே சிரித்துவிட்டார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள் என் அம்மா. அந்தப் பாதையில் ஒருமுறைகூட வாந்தி எடுத்ததில்லை.

அப்புறம் அம்மாவுக்குப் புற்றுநோய்க் கட்டி வந்தது. கொடுத்த மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. கீழே சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். எவ்வளவு வரைக்கும் உடம்பு தாங்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்களாம். அம்மா சேர்ந்தாள். ஒரு டைரியும் தந்தார்கள். எத்தனை வாந்தி, கை கால் மரத்ததா என்று தினமும் எழுத வேண்டும். அம்மாவுக்கு எழுத்து சரியாக வராது. அதனால் நான்.

ஆராய்ச்சி வேலையைக் கவனிக்கும் அக்கா என்னிடம், "எது வந்தாலும் எழுது கண்ணு. மறைச்சா உங்கம்மாவுக்குத்தான் ஆபத்து" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஆனால் அன்றே வெளியே பெஞ்சில் இருந்த, அதே மருந்து எடுத்த வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர், "கால் மரத்துப்போச்சுன்னு சொன்னனுங்க. மருந்தையே நிறுத்திப்புட்டாங்க. வாயை மூடிட்டு இருந்திருக்கோணும்" என்றார்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், நாலாவது வளைவிலேயே வாந்தி எடுத்தாள்.

"இது பஸ் வாந்தி. இதையெல்லாம் எழுதாத சாமி."

சைபர் போட்டேன்.

மறுநாள் வீட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எடுத்தாள்.

"இன்னிக்கு பஸ்ஸே ஏறலியேம்மா?"

"நேத்து ஏறுன பஸ்ஸு."

இரண்டு பேரும் சிரித்தோம். சைபர்.

பிறகு ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாமல் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். கொதிக்கிற டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் பிடுங்கினேன். "சுடறதே தெரியலை கண்ணு" என்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

அதற்கும் சைபர்.

போன தடவை டாக்டர் டைரியைப் புரட்டினார். விரலில் ஊசியால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். "நல்லாத் தெரியுதுங்க" என்றாள் அம்மா.

"நல்லாத் தாங்குறீங்கம்மா. அடுத்த தடவை டோஸைக் கூட்டலாம்."

வெளியே வந்ததும் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தாள். வலித்தது. எவ்வளவு இறுக்குகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அடுத்த தடவை நாளைக்கு.

உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இதை விட்டால் அம்மாவுக்கு வேறு மருந்து இல்லை. சொல்லாவிட்டால் இன்னும் அதிகமாக ஏற்றுவார்கள். என் சைபரை நம்பி முகம் தெரியாத யாருக்கோ அதே அளவைக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு மகள் இருப்பாள்...

போன வருடம் இந்நேரம் எனக்கு இருந்த பெரிய பயம் கணக்குப் பரீட்சை. நினைத்தால் அதுகூட ஆசையாக இருக்கிறது. இப்போது அம்மா அடுத்த அறையில் இருமினால்கூட நான் செய்ததுதானோ என்று தோன்றுகிறது.

அந்த அக்காவின் நம்பர் டைரி அட்டையில் இருக்கிறது. "அக்கா, நான் எழுதினது எல்லாம் பொய்" என்று டைப் செய்து நாலு தடவை அழித்துவிட்டேன். இன்றைய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. என்ன எழுதட்டும்? நீங்களாவது சொல்லுங்க

கதவு தட்டுகிற சத்தம்.

"கண்ணு, முழிச்சிட்டா இருக்கற? டைரி எழுதிட்டியா சாமி?"

அம்மா